ஐசக் வால்டன் சரித்திரம்

ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர் பலர் ஐசக் வால்டன் என்னும் பெயரை இரண்டு இடங்களிற் சந்தித்திருப்பர். ஜான் டன், ஜார்ஜ் ஹெர்பர்ட் முதலிய பக்திமான்களின் வாழ்க்கையை எழுதியவர் என ஓரிடத்திலும், மீன் பிடிக்கும் கலையைப்பற்றிக் கம்ப்ளீட் ஆங்க்ளர் என்னும் நூலை இயற்றியவர் என மற்றோரிடத்திலும் அப்பெயர் வரும். இவ்விருவரும் ஒருவரே என்று அறியுங்கால் சிலர் வியப்புறுவர். அடியார் சரித்திரம் எழுதிய கையா தூண்டில் முள்ளிற் புழுவைக் கோத்தது என்று கேட்போரும் உளர். இக்கேள்விக்கு விடை அவருடைய வாழ்க்கையிலேயே அமைந்திருத்தலின், அதனை ஈண்டு ஒருவாறு கூறப் புகுகின்றோம்.

வால்டன் இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள ஸ்டாபோர்டு என்னும் ஊரில் 1593-ஆம் ஆண்டு பிறந்தார். அவ்வாண்டு செப்டம்பர் மாதம் 21-ஆம் நாள் அவ்வூர் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார். தந்தையார் சிறியதொரு மதுவிடுதி நடத்தியவர். மகனுக்கு நான்கு வயது நிரம்புமுன்னரே காலமானார். தாயார் மறுமணம் செய்துகொண்டார். சர்வகலாசாலையின் வாயிலை வால்டன் மிதித்ததில்லை. இளமையிலேயே லண்டன் மாநகரம் சென்று, தம் சகோதரியின் கணவரும் துணி வணிகருமாகிய தாமஸ் கிரின்சல் என்பவரிடம் தொழில் பயின்றார். 1618-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இரும்பு வணிகர் சங்கத்தில் உரிமையுள்ள அங்கத்தினராக அவர் பெயர் பதிவாயிற்று. துணி விற்றவருக்கு இரும்பு வணிகர் சங்கத்தில் என்ன வேலை என்று ஐயுற வேண்டா. அக்காலத்து லண்டன் நகரில் ஒரு சங்கத்தில் உரிமை பெற்றவர் வேறு சரக்கை விற்பதும் வழக்கமாக இருந்தது. பின்னர் பிளீட் வீதியில், சான்சரி லேன் என்னும் தெருவின் அருகே, அவர் கடை வைத்திருந்தார்.

அக்கடை செயின்ட் டன்ஸ்டன் ஆலயத்தின் எல்லைக்குள் இருந்தது. 1624-ஆம் ஆண்டில் அவ்வாலயத்திற்குக் குருவாக வந்தவர் கவிஞர் ஜான் டன். கடைக்காரருக்கும் கவிஞருக்கும் மெய்யான நட்பு முதிர்ந்தது. 1631-ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் டன் இறந்தார். அவருடைய சரித்திரத்தை எழுதுவதாக இருந்தவர் ஈட்டன் கல்லூரித் தலைவர் ஸர் ஹென்றி வாட்டன். அவருக்குச் செய்திகளைத் திரட்டிக் கொடுக்கும் வேலையே வால்டனுக்கு உரியதாயிருந்தது. இவ்விருவரும் தேம்ஸ் நதிக்கரையில் ஒருங்கிருந்து தூண்டிலிட்ட நண்பர்கள். வாட்டன் எழுதாமலே 1639-ஆம் ஆண்டில் இறந்துவிட, டன்னுடைய பிரசங்கத் தொகுதி அச்சேறும் தறுவாயில் துணிக்கடைக்காரரே எழுதுகோலை எடுக்க நேர்ந்தது. 1640-ஆம் ஆண்டில் வெளிவந்த அச்சிறு சரித்திரம் ஆங்கில மொழியில் வாழ்க்கை வரலாறு என்னும் இலக்கிய வகைக்கே முன்னோடிகளுள் ஒன்றாயிற்று. பின்னர் வாட்டன், ஹூக்கர், ஹெர்பர்ட், ஸாண்டர்ஸன் என்னும் நால்வரின் சரித்திரங்களையும் அவர் முறையே 1651, 1665, 1670, 1678-ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார்.

இவ்வளவு புகழுக்கு அடியில் இருந்த துயரத்தை அவர் தம் நூல்களில் வெளிப்படையாகச் சொல்லவில்லை. 1626-ஆம் ஆண்டு ரேச்சல் பிளட் என்னும் பெண்ணை அவர் மணந்தார். அவர்களுக்குப் பிறந்த மக்கள் ஒருவர்பின் ஒருவராகக் குழந்தைப் பருவத்திலேயே மாண்டனர். 1640-ஆம் ஆண்டில், முதல் நூல் வெளிவந்த அதே ஆண்டில், மனைவியாரும் இறந்தார். சில ஆண்டுகள் சென்றபின் ஆன் கென் என்பவரை இரண்டாந்தாரமாக மணந்தார். பிற்காலத்தில் அத்தியட்சராகிப் பெரும்புகழ் பெற்ற தாமஸ் கென் இவ்வம்மையாரின் தந்தைவழிச் சகோதரர். இம்மணத்திற் பிறந்த மக்களுள் ஆன் என்னும் மகளும் ஐசக் என்னும் மகனுமே நிலைத்து வாழ்ந்தனர்.

வீட்டுத் துயரத்தோடு நாட்டுத் துயரமும் சேர்ந்தது. அரசனுக்கும் பார்லிமெண்டுக்கும் 1642-ஆம் ஆண்டில் மூண்ட உள்நாட்டுப் போரில் வால்டனின் உள்ளம் அரசன் பக்கத்தே நின்றது. பேராயர் லாட் 1645-ஆம் ஆண்டிலும், மன்னர் முதலாம் சார்லஸ் 1649-ஆம் ஆண்டிலும் தலை வெட்டுண்டனர். வால்டன் நேசித்த குருமார்கள் பதவி இழந்து ஊர் ஊராக அலைந்தனர். 1651-ஆம் ஆண்டில் வூஸ்டர் போரில் தோற்று ஓடிய இளவரசர், பின்னாளில் இரண்டாம் சார்லஸ் என முடிசூடியவர், அணிந்திருந்த விருதுப்பதக்கம் ஒன்று பகைவர் கையிற் படாமல் ஒளித்து வைக்கப்பெற்றது. அப்பதக்கத்தை ஸ்டாபோர்டுப் பகுதியிலிருந்து லண்டனுக்குக் கொண்டு சென்று, சிறையிலிருந்த கர்னல் பிளேக் என்பவரிடம் சேர்ப்பித்தவர் நம் துணிக்கடைக்காரரே. அகப்பட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து. அமைதியை நாடிய கோழை என்று வால்டனைக் கருதுவோர் இச்செய்தியை நினைவிற் கொள்ளுதல் நலம்.

1653-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் கிராம்வெல் படைவீரருடன் பார்லிமெண்டினுள் புகுந்து அதனைக் கலைத்தார். நாடு முழுவதும் அதுவே பேச்சாயிருந்த அவ்விளவேனிற் காலத்தில், செயின்ட் டன்ஸ்டன் ஆலய முற்றத்துப் புத்தகக் கடையில் பதினெட்டுப் பென்ஸ் விலைக்கு ஒரு சிறு நூல் விற்பனைக்கு வந்தது. அதுவே கம்ப்ளீட் ஆங்க்ளர், அதாவது நிறைவுற்ற தூண்டிற்காரன். ஆசிரியருக்கு அப்போது அறுபது வயது நிரம்ப இன்னும் சில மாதங்களே இருந்தன.

நூலின் கதை மிக எளிது. மே மாதக் காலையில் லண்டனுக்கு வடக்கே டாட்டன்ஹாம் மேட்டில் வழிப்போக்கர் ஒருவரும் தூண்டிற்காரர் ஒருவரும் சந்திக்கின்றனர். 1655-ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் வழிப்போக்கருக்குப் பதிலாக வேட்டைக்காரரும், பருந்தை ஏவிப் பறவை பிடிப்பவரும் வருகின்றனர். தூண்டிற்காரர் லீ நதிக்கரை வழியே வேட்டைக்காரரை அழைத்துச் சென்று, சில நாட்களில் அவரைத் தம் மாணாக்கராக்கிக் கொள்கிறார். நடுவிலே மழைக்கு ஒதுங்கும் வேலி, பாட்டுப் பாடும் பாற்காரப் பெண், லாவெண்டர் மணக்கும் படுக்கை விரித்த விடுதி ஆகியவையெல்லாம் வருகின்றன. மீனைப்பற்றி ஒன்றும் அறியாதவரும் இந்நூலை விடாமற் படிப்பதற்கு இவையே காரணம்.

எனினும் இதனை வெறும் கதை நூலாகக் கொள்ளுதல் தவறு. கருவிகளைப்பற்றி அவர் கூறுவன ஒரு கைத்தொழிலாளரின் கவனத்தோடு கூறப்பட்டவை. அக்காலத்துத் தூண்டிற்கோல் பல துண்டுகளைப் பொருத்திக் கட்டிய நீண்ட மரக்கோல். கயிற்றைச் சுற்றி வைக்கும் சக்கரம் அப்போதுதான் புதிதாகத் தோன்றியிருந்தது. பெரிய சால்மன் மீனுக்கு மட்டும் சிலர் அதனைக் கையாண்டனர். ஏனையோர் கோலின் நுனியிலேயே கயிற்றைக் கட்டினர். நம் பெரும்பாணாற்றுப்படையில் வரும் பாணமகனின் நெடிய மூங்கிற்றூண்டிலும் இவ்வகையினதே. கயிறோ பட்டினாலும் பருத்தியினாலும் ஆனதன்று; குதிரைவால் மயிரைத் திரித்துச் செய்யப்பட்டது. உருண்டு, தெளிந்து, ஒரே பருமனுள்ள மயிர்களைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்கிறார் வால்டன். ஒரு மயிர் தடித்தும் மற்றொன்று மெலிந்தும் இருப்பின், இழுக்கும்போது பாரமெல்லாம் ஒன்றன்மேற் சுமந்து, அது அறுந்தபின் மற்றவையும் அறும். நாரும் நூலும் திரிக்கும் நம் நாட்டார் இதனை எளிதில் உணர்வர்.

திரித்த கயிறு நீரின் நிறத்தோடு ஒன்றியிருத்தல் வேண்டும். அதன்பொருட்டு அவர் சொல்லும் சாயமுறை விநோதமானது. ஒரு பைண்ட் காரமான ஏல் என்னும் மதுவும், அரைப் பவுண்டு புகைக்கரியும், வாதுமைபோன்ற வால்நட் மரத்தின் இலைச்சாறு சிறிதும், அதே அளவு படிகாரமும் ஒரு சட்டியிலிட்டு அரைமணி நேரம் காய்ச்சி ஆறவைத்து, அதில் மயிரை ஊறப்போட்டால் கண்ணாடி போன்ற இளம்பச்சை நிறம் ஏறும். கோலைப் பாதுகாக்கவும் வழி கூறுகிறார். முதலிற் பசைநீர் பூசிக் காயவிட்டு, அதன்மேல் ஆளிவிதை எண்ணெயில் அரைத்த வர்ணத்தைப் பூச வேண்டும். மழையிலும் வெயிலிலும் மரம் பிளவாமல் இருப்பதற்கு எண்ணெய் வர்ணமே தக்க காப்பு. மூன்று நூற்றாண்டுகளுக்குமுன் ஆற்றுக்குச் செல்வோர் தம் கருவிகளைத் தாமே செய்து தாமே பேணினர்.

ஆற்றங்கரையில் ஒழுகவேண்டிய முறையைப்பற்றி அவர் தனியே சட்டம் வகுக்கவில்லை. தம் கதைமாந்தரின் நடத்தையினாலேயே அதனைக் காட்டுகிறார். சூரியன் முகத்துக்கு நேரேயும் காற்று முதுகுப்புறத்திலும் இருக்குமாறு நின்று, கோலின் நுனியைத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும்; அப்போதுதான் நிழல் நீரில் விழுந்து மீனை அச்சுறுத்தாது. இது மீனுக்குச் செய்யும் மரியாதை. மனிதருக்குச் செய்யும் மரியாதையும் உண்டு. பிடித்த சப் மீனைப் பாற்காரப் பெண்ணுக்கும் அவள் தாய்க்கும் கொடுத்துவிட்டு அதற்கு ஈடாகப் பாட்டைக் கேட்கிறார் தூண்டிற்காரர். விடுதியில் ஆபாசப் பேச்சும் தெய்வநிந்தையும் கூடா என்கிறார். மாணாக்கருக்கு மீன் அகப்படாதபோது தம் கோலையே கொடுத்து அவருடைய கோலைத் தாம் வாங்கிக் கொள்கிறார்.

நதிக்குச் செய்யவேண்டிய கடமையை இன்னும் கடுமையாகவே கூறுகிறார். மீன் சினையிடும் மாதங்களில் பிடிப்பதையும், சிறு குஞ்சும் தப்பாத நெருங்கிய வலை போடுவதையும் அவர் வன்மையாகக் கண்டிக்கிறார். முதலாம் எட்வர்டு, இரண்டாம் ரிச்சர்டு காலங்களிலேயே இதனைத் தடுக்கச் சட்டங்கள் இருந்தன. சட்டம் இருந்தும் காப்போர் கடமையைச் செய்யாமையால் ஆறுகள் வறுமையுறுகின்றன என்பது அவர் முறையீடு. எல்லாருக்கும் உரிய பொருளை ஒருவரும் கவனியாமல் விடுவது அன்றும் இன்றும் ஒரே நோய்.

குற்றங்கள் இல்லாமற் போகவில்லை. பைக் என்னும் மீன் ஒருவகை நீர்ப்பூண்டிலிருந்து சூரிய வெப்பத்தால் உண்டாகிறது என்றும், விலாங்கு பனித்துளியிலிருந்து தோன்றுகிறது என்றும் பழைய நூலோர் எழுதியவற்றை அவர் மதித்து எடுத்தாண்டார். ரிச்சர்டு பிராங்க் என்னும் கிராம்வெல் படைவீரர் ஸ்காட்லாந்து வரை சென்று மீன் பிடித்தவர். அவர் இந்தப் பூண்டுச் செய்தியைப்பற்றி வால்டனோடு நேரில் வாதாடியதாகவும், விடை கூற இயலாமல் வால்டன் சினந்து எழுந்து போனதாகவும், 1694-ஆம் ஆண்டில் அச்சான தம் நூலில் எழுதி வைத்தார். பிறர் நூல்களைத் திருடித் தொகுத்தவர் என்றும் வைதார். இவ்வசை முழுவதும் பொய்யென்று தள்ளுதற்கு இல்லை. 1577-ஆம் ஆண்டில் அச்சான ஆர்ட் ஆஃப் ஆங்க்ளிங் என்னும் பழைய நூலின் ஒரே பிரதி 1954-ஆம் ஆண்டளவில் வெளிப்பட்டது. அதிலும் ஒரு தூண்டிற்காரரும் ஒரு வழிப்போக்கரும் உரையாடுகின்றனர். கருத்துக்கள் சிலவும் ஒத்துள்ளன. வால்டன் அதனைப் படித்திருந்தார் என்பதில் அறிஞர்க்கு ஐயமில்லை. அதன் பெயரை அவர் சொல்லவில்லை. பெயரைச் சொல்லியிருக்கலாம் என்றே நமக்கும் தோன்றுகிறது. ஆயினும் அந்தப் பழைய நூலைப் புரட்டுவோர் அதில் வெயிலையும் மழையையும் பாற்காரியின் பாட்டையும் காணமாட்டார்கள்.

இதனினும் பெரிய குற்றச்சாட்டு கொடுமையைப்பற்றியது. உயிருள்ள தவளையை முள்ளிற் கோக்கும் விதத்தை வால்டன் விவரித்து, அதனை அன்போடு கையாளுமாறும் சொல்கிறார். தவளை நெடுநேரம் உயிரோடிருக்க வேண்டும் என்பதே அவ்வன்பின் நோக்கம். கவிஞர் பைரன் 1823-ஆம் ஆண்டில் தம் டான் ஜுவான் காவியத்தில் இதன்பொருட்டு வால்டனைக் கடுமையாக இகழ்ந்தார். வால்டனை நேசிப்போர் அக்காலத்து வழக்கம் அது என்று சமாதானம் சொல்வர். சூதில் வரும் பொருளுக்கு உவமை தேடிய வள்ளுவர், மீன் விழுங்கிய தூண்டில் முள்ளை எடுத்துக் காட்டினார். விழுங்கும் உயிரின் நிலையிலிருந்து பார்க்கும் கண் அது. வால்டனுக்கு அக்கண் இருந்ததில்லை. இத்துணை மென்மையான உள்ளம் படைத்தவர் இவ்விடத்தில் மட்டும் எப்படிக் குருடாயினார் என்பது நமக்கு விளங்கவில்லை.

இனி இச்சரித்திரத்தின் சிறந்த பகுதிக்கு வருவோம். நூலின் பெயரோ நிறைவுற்ற தூண்டிற்காரன்; ஆனால் அதில் ஒரு பெருங்குறை இருந்தது. டிரவுட் என்பது குளிர்ந்த தெளிந்த ஓடைகளில் வாழும் மீன். ஆங்கிலேயர் அதனை நீலகிரி ஓடைகளிலும் கொண்டுவந்து விட்டமையால் உதகமண்டலம் சென்ற நம்மவர் சிலர் கண்டிருப்பர். நீரின் மேற்பரப்பில் வந்து விழும் ஈக்களை அது பாய்ந்து உண்ணும். ஆகவே இறகும் மயிரும் பட்டு நூலும் கொண்டு முள்ளின்மேல் ஈயைப்போலவே கட்டி, அதனை நீரின்மீது மெல்ல வீசிப் பிடிப்பதே உயர்ந்த கலையாகக் கருதப்பட்டது. வால்டன் புழுவிலும் வெட்டுக்கிளியிலும் வல்லவர். இந்த ஈத்தூண்டிற் கலையில் அவர் வல்லவரல்லர். 1496-ஆம் ஆண்டிலேயே அச்சான ஒரு பழைய நூலில் உள்ள பன்னிரண்டு ஈக்களையும், தாமஸ் பார்க்கர் 1651-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் செய்திகளையும் கொண்டு அப்பகுதியை ஒருவாறு நிரப்பினார். பார்க்கரிடம் கடன்பட்டதை மறைக்கவுமில்லை.

இக்குறையை நிரப்பியவர் சார்லஸ் காட்டன். இவர் 1630-ஆம் ஆண்டு பிறந்தவர். வால்டனைவிட முப்பத்தேழு வயது இளையவர். ஸ்டாபோர்டுஷயருக்கும் டார்பிஷயருக்கும் எல்லையாக ஓடும் டவ் நதியின் கரையில் பெரஸ்போர்டு மாளிகை இவருடையது. வர்ஜிலின் காவியத்தைக் கேலி செய்து பாட்டு எழுதியவர். கேளிக்கையில் விருப்பமும் கடன்காரர் தொல்லையும் உடையவர். பக்தியும் சிக்கனமும் மிக்க முதிய வணிகருக்கும் இப்பிரபுவுக்கும் என்ன பொருத்தம் என்று கேட்கத் தோன்றும். காட்டன் வால்டனைத் தந்தை என்றே அழைத்தார். 1674-ஆம் ஆண்டில் நதி வளைந்தோடும் இடத்தில் கல்லாலான ஒரு சிறு மண்டபம் கட்டி, வாயிலின்மேல் தம் பெயரின் முதலெழுத்துக்களையும் வால்டன் பெயரின் முதலெழுத்துக்களையும் ஒன்றோடொன்று பின்னிச் செதுக்குவித்தார்.

1676-ஆம் ஆண்டில் ஐந்தாம் பதிப்பு அச்சாகும் சமயம், தெளிந்த ஓடையில் ஈயைக்கொண்டு டிரவுட் பிடிக்கும் முறையைத் தனிப் பகுதியாக எழுதித் தரும் பொறுப்பு காட்டனுடையதாயிற்று. அவர் சுமார் பத்து நாட்களில் அதனை எழுதி முடித்து மார்ச்சு மாதத்தில் அனுப்பினார். எண்பத்து மூன்றாம் வயது நடந்துகொண்டிருந்த வால்டன் ஏப்பிரல் 29-ஆம் நாள் எழுதிய மறுமொழியில், நூறு மைலுக்கு மேற்பட்ட தூரத்தையும் தம் முதுமையையும் மறந்து அடுத்த மாதமே நேரில் வருவதாகக் குறித்தார்.

காட்டன் எழுதிய பகுதியே ஈத்தூண்டிற் கலைக்கு இன்றளவும் மூலநூல் எனலாம். அவர் கூறும் கோல் பதினைந்து முதல் பதினெட்டு அடி நீளமுள்ளது. கயிறு ஒரே தடிப்பாக இராது. முள்ளை அடுத்த இரண்டு கண்ணிகள் இரண்டிரண்டு மயிரால் ஆகி, அதன்மேல் மூன்று, நான்கு எனப் படிப்படியாகத் தடித்து, கோலின் நுனியை அடையும்போது ஏழு மயிர் கொண்டதாக முடியும். சாட்டையின் நுனி மெலிந்திருப்பதால் அதன் வீச்சு எவ்வாறு நுனிவரை ஓடுகிறதோ, அவ்வாறே இக்கயிற்றின் வீச்சும் ஈயை மெல்லக் கொண்டுபோய் நீரில் இறக்கும். தெளிந்த நீரில் மீனின் கண் கூரியது. ஆதலால் கயிறு மெல்லியதாயும், நிற்பவர் தொலைவில் நிற்பவராயும் இருக்க வேண்டும் என்பதே அவருடைய தலையாய விதி. இருபது அங்குல மீனை இரண்டு மயிர்க் கயிற்றில் பிடித்துக் கரைசேர்க்க இயலாதவன் தூண்டிற்காரன் என்னும் பெயருக்கு உரியனல்லன் என்றும் தீர்ப்பளிக்கிறார்.

மாதவாரியாக அவர் வருணிக்கும் ஈக்கள் அறுபத்தைந்து. மே மாதத்துப் பச்சை ஈ ஒன்றைக் கட்டும் முறையைப் பாருங்கள். ஒட்டக மயிர், கரடி மயிர், பன்றியின் தடித்த மயிரிடையே சீவி எடுத்த மெல்லிய தூவி, மஞ்சட் கம்பளி ஆகியவற்றைக் கலந்து உடலாக்கி, மெழுகிட்ட பட்டு நூலாற் சுற்ற வேண்டும். மஞ்சட் சாயம் ஏற்றிய வாத்திறகு சிறகாகும். கலந்த மயிரின் நிறத்தை மேசைமேல் வைத்துப் பார்த்தல் போதாது. கண்ணுக்கும் சூரியனுக்கும் இடையே தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்கிறார். மீன் கீழிருந்து மேல்நோக்கி, ஒளிக்கு எதிரேயன்றோ ஈயைக் காண்கிறது! இவ்வொரு குறிப்பே அவர் ஆற்றில் எத்தனை நாள் கண் விழித்து நின்றவர் என்பதைக் காட்டும்.

லண்டன் நகரத்தார் கட்டும் ஈக்களின் உடல் பருத்திருக்கும். அத்தகைய ஒன்று தமக்குக் கிடைத்தபோது அதனைச் சிரிப்பதற்காகத் தம் வீட்டு ஜன்னலில் தொங்கவிட்டதாக இப்பகுதியிலேயே காட்டன் எழுதியுள்ளார். லண்டன் நகரத்தாரின் கலையை நாடறியச் செய்தவர் வால்டன். அக்கலையை நகையாடும் எழுத்தைத் தம் நூலிலேயே, ஓர் இளையவரின் பெயரால், அச்சிட்டு வெளியிட்டவரும் அவரே. நிறைவுற்றது என்று பெயரிட்ட நூல், இருபத்து மூன்று ஆண்டுகள் சென்றபின் மற்றொருவர் கையால் நிறைவெய்தியதை அவர் இழிவாகக் கொள்ளவில்லை. பிராங்க் சொன்ன திருட்டுக் குற்றத்தை எடைபோடும்போது இதனையும் தராசின் மறு தட்டில் வைக்க வேண்டும்.

அவ்வைந்தாம் பதிப்போடு மூன்றாவது நூல் ஒன்றும் சேர்த்துக் கட்டப்பெற்றது. அதன் ஆசிரியர் ராபர்ட் வெனபிள்ஸ். இவர் பார்லிமெண்டுப் படையின் தளபதி; கிராம்வெல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பிய படையை 1655-ஆம் ஆண்டில் அங்கே நடத்தியவர். வால்டனோ அரசனின் பதக்கத்தை உயிரைப் பணயம் வைத்துச் சுமந்தவர். ஆயினும் 1662-ஆம் ஆண்டில் வெனபிள்ஸின் நூல் வெளிவந்தபோதே அதற்குப் புகழுரை எழுதிக் கொடுத்தவர் வால்டன். அரசு மீண்ட புதிதில், தோற்ற கட்சியின் தளபதியை நண்பர் என்று வெளிப்படையாகச் சொல்ல முன்வந்தவர் பலரல்லர்.

1660-ஆம் ஆண்டில் முடியாட்சி மீண்டபின் வால்டனுக்கு நல்ல காலம் பிறந்தது. அத்தியட்சர் ஜார்ஜ் மார்லி அவரைத் தம் இல்லத்தோடு சேர்த்துக்கொண்டார். ஆனால் 1662-ஆம் ஆண்டில் இரண்டாம் மனைவியாரும் வூஸ்டர் நகரில் இறந்தார். மார்லி வின்செஸ்டருக்கு மாற, வால்டனும் உடன் சென்றார். அங்கே இட்சன் என்னும் தெளிந்த ஆறு ஊரின் அருகிலேயே ஓடுகிறது. மகள் ஆன் அவ்வாலயத்துக் குருமாருள் ஒருவரான டாக்டர் வில்லியம் ஹாக்கின்ஸை மணந்தார். முதியவரின் கடைசி ஆண்டுகள் அவ்விருவர் நிழலில் கழிந்தன. காட்டனோ கடன் பெருகி 1681-ஆம் ஆண்டில் பெரஸ்போர்டு மாளிகையை விற்கும் நிலையெய்தினார். நதிக்கரை மண்டபம் மட்டும் அழியாமல் நின்றது.

1683-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 9-ஆம் நாள், தமக்குத் தொண்ணூறாம் வயது என்று குறித்து, வால்டன் தம் கையாலேயே மரண சாசனம் எழுதத் தொடங்கினார். பிறந்த ஊரின் அருகே அவர் வாங்கியிருந்த ஹாப்ஹெட் பண்ணை, மகன் மணம் செய்துகொள்ளாமையால், சாசனத்தின்படி பின்னர் ஸ்டாபோர்டு ஊருக்குச் சேர்ந்தது. அதன் வருவாயில் ஏழைச் சிறுவர் இருவரைத் தொழில் பயிற்றுதற்கும், ஏழைப் பெண்ணொருத்தியின் மணத்திற்கும், குளிர்காலத்தில் எளியவர்க்கு நிலக்கரி வாங்குதற்கும் பணம் ஒதுக்கியிருந்தார். தந்தையற்ற சிறுவனாய்த் தொழில் பழக லண்டன் சென்றவர் அவர். நண்பர் பலருக்கு மோதிரம் விட்டுச் சென்றார். சாசனத்தின்மேல் இட்ட முத்திரை, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஜான் டன் தம் மரணத் தறுவாயில் நண்பர்களுக்கு வழங்கிய நங்கூர முத்திரைகளுள் ஒன்று.

அவ்வாண்டு டிசம்பர் மாதம் 15-ஆம் நாள், கடுங்குளிர்க் காலத்தில், மருமகன் இல்லத்தில் அவர் உயிர் நீத்தார். வின்செஸ்டர்ப் பேராலயத்தில் பிரையர் சில்க்ஸ்டெட் சிற்றாலயத்தின் தரையில் கருங்கல் ஒன்றன்கீழ் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. 1914-ஆம் ஆண்டில் இங்கிலாந்தும் அமெரிக்காவும் சேர்ந்த தூண்டிற்காரர்கள் பொருள் திரட்டி அச்சிற்றாலயத்தில் வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஒன்று அமைத்தனர். அதன் ஒரு மூலையில் இட்சன் நதிக்கரையில் ஒரு முதியவர் உட்கார்ந்திருக்கிறார். கோலும் கூடையும் பக்கத்தில் கிடக்கின்றன. அவர் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறார்.